3/8 எப்படி 0.375 ஆகிறது: பின்னத்தைத் தசமமாக்க மீதியைக் கவனியுங்கள்

சேலத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா கேட்டிருக்கும் கேள்வி இது. மகள் 1/2, 1/4, 3/4 மூன்றையும் யோசிக்காமல் தசமத்தில் சொல்லிவிடுகிறாள். 3/8 கொடுத்தால் 3.8 என்று எழுதுகிறாள். வகுக்கச் சொன்னால் 8-ஐ 3-ஆல் வகுக்கிறாள். 5/6 வந்துவிட்டால் "முடியவே மாட்டேங்குதும்மா" என்று பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறாள். ஒரு அட்டவணை எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யவைத்தால் சரியாகிவிடுமா?

ஆகாதுங்க. அட்டவணையில் இருப்பது வரும், இல்லாதது வராது; பரீட்சையில் இல்லாததுதான் கேட்பார்கள். 1/2, 1/4, 3/4 அவளுக்கு வருவதும் கணக்காக வரவில்லை, கேட்டுக் கேட்டுப் பழகியதால் வருகிறது. நீங்கள் சொன்ன மூன்று தடுமாற்றத்தில் முதல் இரண்டும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது; 5/6 பற்றிப் பின்னால் சொல்கிறேன். 3/8 என்பது ஒரு வகுத்தல் கணக்கு, இன்னும் வகுத்து முடிக்காத கணக்கு என்பது அவள் மனதில் பதியவில்லை. நடுவில் இருக்கும் கோடு அவளுக்கு இரண்டு எண்ணையும் பிரித்து வைக்கும் கோடு, அவ்வளவுதான். அதனால் கோட்டை எடுத்துவிட்டுப் புள்ளி வைக்கிறாள். 8-ஐ 3-ஆல் வகுப்பதும் அதே காரணம்தான். சின்ன வகுப்புகளில் எப்போதும் பெரிய எண்ணைச் சின்ன எண்ணால்தான் வகுத்திருக்கிறாள். "சின்னதைப் பெரியதால் வகுக்க முடியாது" என்று யாராவது சொல்லியும் கொடுத்திருப்பார்கள். அந்த வயதில் அது போதும். ஏழாம் வகுப்பில் அதைக் கழற்றி வைக்க வேண்டும்.

முதலில் நோட்டை மூடிவிட்டு வாயால் கேளுங்கள். நம் ஊரில் ஜவ்வரிசிக்குப் பஞ்சமில்லை, அதையே எடுத்துக்கொள்வோம். "கண்ணு, மூணு கிலோ ஜவ்வரிசி இருக்கு. எட்டு வீட்டுக்குச் சமமாப் பிரிச்சுக் கொடுக்கணும். ஒரு வீட்டுக்கு ஒரு கிலோ வருமா?" வராது என்பாள். "அப்ப முழுக் கிலோ எத்தனை கொடுக்கலாம்?" ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லைதான் விடையின் முதல் எழுத்து: 0. அதை எழுதச் சொல்லி, பக்கத்தில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். முழுக் கிலோ அந்தப் புள்ளியோடு முடிந்தது.

இப்போது 3 கிலோ அப்படியே மீதி இருக்கிறது. அதை 100 கிராம் பொட்டலங்களாகக் கட்டினால் 30 பொட்டலம். எட்டு வீட்டுக்கு ஆளுக்கு 3 கொடுத்தால் 24 போகும், 6 மிஞ்சும். புள்ளிக்கு அடுத்து 3. மிஞ்சிய 6 பொட்டலத்தைப் பிரித்து 10 கிராம் பொட்டலமாகக் கட்டினால் 60. ஆளுக்கு 7 கொடுத்தால் 56 போகும், 4 மிஞ்சும். அடுத்த எழுத்து 7. அந்த 4-ஐயும் பிரித்து ஒவ்வொரு கிராமாக்கினால் 40. ஆளுக்கு 5, மீதி எதுவும் இல்லை. ஒரு வீட்டுக்கு 375 கிராம், அதாவது 0.375 கிலோ. 3/8 அதுதான்.

இதைச் சொல்லி முடித்ததும் அதே கணக்கை நோட்டில் நீள் வகுத்தலாகப் போடவையுங்கள். வழக்கமாக "சைபர் சேர்த்துக்கோ, வகு" என்று சொல்லிக்கொடுப்பார்கள். 3 ஏன் 30 ஆனது என்று குழந்தை கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. பதில் இதுதான்: ஜவ்வரிசி கூடவில்லை, அளவைத்தான் பத்தில் ஒரு பங்காகச் சிறிதாக்கினோம். ஒன்றுகளில் 3 இருந்தது, பத்தில் ஒன்றுகளில் அது 30. மீதி 6 பத்தில் ஒன்றுகள், அதுவே 60 நூறில் ஒன்றுகள். மீதி 4 நூறில் ஒன்றுகள், அதுவே 40 ஆயிரத்தில் ஒன்றுகள். இடமதிப்புப் பாடத்தில் அவள் படித்த பெயர்கள்தான் இவை. வகுக்கும்போது அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வகுக்கட்டும். சில நாளைக்கு மெதுவாகத்தான் போகும், போகட்டும். இந்த ஒரு பழக்கம் பின்னால் வரும் பாதிப் பிழையை வரவிடாது.

மீதிப் பாதிக்கு இன்னொரு பழக்கம் வேண்டும். வகுக்கத் தொடங்கும் முன்பே விடை எங்கே விழும் என்று சொல்லச் சொல்லுங்கள். 8-இல் பாதி 4. மேலே இருப்பது 3. ஆகவே 3/8 அரைக்குக் கொஞ்சம் குறைவு, விடை 0.5-க்குக் கீழே வர வேண்டும். இதைச் சொல்லிவிட்ட குழந்தை 3.8 என்று எழுதினால் தானே அழித்துவிடும். 8-ஐ 3-ஆல் வகுத்து 2.66 வந்தாலும் "இது எப்படி ஒன்றுக்கு மேலே போச்சு?" என்று தானே நிற்கும். தப்பை நீங்கள் காட்டுவதைவிட அவளே பிடிப்பது நல்லது.

அடுத்து சைபர் விட்டுப்போகும் தொல்லை. 3/8-இல் தேறிய குழந்தைகூட 3/40-இல் மாட்டிக்கொள்ளும். 3-ஐ 40-ஆல் வகுக்கலாமா? முடியாது, 0, புள்ளி. 30 பத்தில் ஒன்றுகளை 40 பேருக்குக் கொடுக்க முடியுமா? அதுவும் முடியாது. அப்போது பத்தில் ஒன்றாம் இடத்தில் 0 எழுத வேண்டும். குழந்தைகள் இங்கேதான் எழுதாமல் தாவிவிடுவார்கள். அடுத்து 300 நூறில் ஒன்றுகள், 7 முறை, மீதி 20. பிறகு 200 ஆயிரத்தில் ஒன்றுகள், 5 முறை. விடை 0.075. நடுவில் அந்த 0 இல்லாவிட்டால் 0.75 ஆகிவிடும், அதாவது முக்கால். நாற்பதில் மூன்று எங்கே, முக்கால் எங்கே. 1/16-உம் இதே மாதிரி: 0.0625 வர வேண்டும், 0.625 என்று எழுதுவார்கள். "கொடுக்க முடியவில்லை என்றாலும் 0 என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும்" என்று கறாராகச் சொல்லிவிடுங்கள்.

0.5 பெரிதா 0.375 பெரிதா என்றும் கேட்டுப் பாருங்கள். 375 பெரிது என்று 0.375-ஐச் சொல்லும் குழந்தைகள் ஏராளம். அதே ஜவ்வரிசியில் காட்டுங்கள்: 0.5 கிலோ 500 கிராம், 0.375 கிலோ 375 கிராம். 0.5-ஐ 0.500 என்று எழுதிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

குறுக்கு வழிக்கு வருகிறேன். பகுதியை, அதாவது கீழே இருக்கும் எண்ணை, 10 அல்லது 100 அல்லது 1000 ஆக்கிவிட்டால் வகுக்கவே வேண்டாம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவது வளைவில் பஸ் திரும்பும்போது 7/20 வளைவு முடிந்தது. மேலும் கீழும் 5-ஆல் பெருக்கினால் 35/100, அதாவது 0.35. ஒவ்வொரு வளைவுக்கும் 0.05 கூடும். பதின்மூன்றாவதில் 0.65, இருபதாவதில் 1. அடுத்த முறை மலைக்குப் போகும்போது ஜன்னலோரம் உட்காரவைத்துச் சொல்லச் சொல்லுங்கள், வாந்தி வருகிறது என்ற நினைப்பும் போகும். ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: வளைவுகளுக்கு நடுவில் தூரம் ஒரே அளவில் இல்லை. அதனால் 0.35 என்பது வளைவுகளின் கணக்கு, பாதையின் நீளத்தில் அத்தனை பங்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இந்த வழி அழகானது, வேகமானது. ஆனால் இதை முதலில் சொல்லிக்கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நூறாக்குவதுதான் முறை என்று குழந்தை நம்பிவிடும். பிறகு 5/6 வரும். 6-ஐ எதால் பெருக்கினால் 100 வரும்? எதாலும் வராது. 1000? வராது. அங்கே கை நின்றுவிடுகிறது. வகுத்தல் முதலில் வந்திருந்தால் இந்த வழி அதற்குக் கிடைத்த ஒரு வசதி, நின்றுபோனால் வகுத்தலுக்குத் திரும்பிவிடலாம். உங்கள் மகள் 5/6-இல் பென்சிலைக் கீழே வைத்தாள் என்றால் வகுக்கத் தொடங்கித்தான் இருக்கிறாள். அவள் செய்தது சரி. முடியாதது அந்த எண்ணின் குணம் என்று யாரும் சொல்லவில்லை.

5/6 போட்டுப் பார்ப்போம். 5-இல் 6 போகாது, 0, புள்ளி. 50-இல் 6 எட்டு முறை, மீதி 2. 20-இல் 6 மூன்று முறை, மீதி 2. மறுபடி 20, மறுபடி மூன்று, மறுபடி மீதி 2. இந்த இடத்தில் அவள் கையைப் பிடித்து நிறுத்துங்கள். ஈவைப் பார்க்க வேண்டாம், மீதியைப் பார். முன்னால் வந்த அதே மீதி மறுபடி வந்துவிட்டது. மீதி அதே என்றால் அடுத்து வகுக்கப் போவதும் அதே எண், கிடைக்கப் போவதும் அதே இலக்கம், மிஞ்சப் போவதும் அதே மீதி. கணக்கு இனி மாறவே மாறாது. ஆகவே கணக்கு முடிந்துவிட்டது. 0.8333… என்று எழுதலாம், அல்லது 0.83 என்று எழுதி 3-இன் தலையில் மட்டும் ஒரு சிறு கோடு போடலாம். கோடு யார் தலையில் இருக்கிறதோ அவர் திரும்பத் திரும்ப வருவார். 8-இன் தலையில் போடக் கூடாது, அது ஒருமுறைதான் வந்தது. இதற்கு முடிவுறா சுழல் தசமம் என்று பெயர். பாடமாக விரிவாக வருவது ஒன்பதாம் வகுப்பில்தான். ஆனால் அந்த எண்கள் ஏழாம் வகுப்பிலேயே வந்து நிற்கும்போது, பெயராவது தெரிந்தால் குழந்தை பயப்படாது.

மீதியின் விளையாட்டை முழுதாகப் பார்க்க 1/7-க்கு நிகர் எதுவும் இல்லை. ஒரு மாலை நேரத்தை இதற்கென்றே ஒதுக்கலாம். 10-இல் 7 ஒருமுறை, மீதி 3. 30-இல் நான்கு, மீதி 2. 20-இல் இரண்டு, மீதி 6. 60-இல் எட்டு, மீதி 4. 40-இல் ஐந்து, மீதி 5. 50-இல் ஏழு, மீதி 1. தொடங்கியது 1-இல், வந்து நின்றதும் 1-இல். இனி எல்லாம் முதலிலிருந்து: 0.142857142857… ஏன் ஆறு இலக்கத்தில் திரும்பியது என்று கேளுங்கள். 7-ஆல் வகுத்தால் மீதி 1 முதல் 6 வரை ஏதாவது ஒன்றுதான் வர முடியும். 0 வந்தால் கணக்கு முடிந்துவிடும். ஆறு மீதியும் ஒருமுறை வந்து தீர்ந்துவிட்டால் ஏழாவது தடவை பழைய மீதி ஒன்று வந்தே ஆக வேண்டும். எந்தப் பின்னத்தை எடுத்தாலும் இதேதான்: ஒன்று மீதி 0 ஆகி நிற்கும், இல்லை பழைய மீதி திரும்பி வரும். மூன்றாவது வழி கிடையாது. பிறகு 2/7, 3/7 போடச் சொல்லுங்கள். 0.285714…, 0.428571… என்று வரும். அதே ஆறு இலக்கங்கள், அதே வரிசை, தொடங்கும் இடம் மட்டும் வேறு. அவளே அதைக் கண்டுபிடித்துச் சொன்னால் அன்றைக்கு வேறு கணக்கு எதுவும் வேண்டாம்.

எது நிற்கும், எது சுழலும் என்று வகுக்காமலே சொல்ல முடியுமா? முடியும். தசமம் என்றாலே பகுதியில் 10, 100, 1000. பத்து என்பது 2 × 5. எத்தனை பத்தைப் பெருக்கினாலும் உள்ளே 2-உம் 5-உம் மட்டும்தான். ஆகவே சுருக்கிய பின்னத்தின் பகுதியைப் பகாக் காரணிகளாகப் பிரித்தால் 2, 5 தவிர வேறு எதுவும் இல்லையென்றால் தசமம் நிற்கும். ஒரு 3-ஓ 7-ஓ உள்ளே இருந்தால் நிற்காது. எத்தனை இடத்தில் நிற்கும் என்பதும் தெரியும்: 2 எத்தனை, 5 எத்தனை என்று எண்ணி, எது அதிகமோ அத்தனை இடம். 8-இல் மூன்று 2, அதனால் 0.375-க்கு மூன்று இடம். 40-இல் மூன்று 2, ஒரு 5, அதனால் 0.075-க்கும் மூன்று.

சுருக்கிய பின்னம் என்று சொன்னேன், அந்தச் சொல்லை விட்டுவிடக் கூடாது. அதற்கு நகைக்கடைப் பில்லைவிட நல்ல பாடம் இல்லை. சுத்தத் தங்கம் 24 கேரட் என்று வைத்துக்கொண்டால் 22 கேரட் நகையில் தங்கம் 22/24 பங்கு. சுருக்கினால் 11/12. 12 என்பது 2 × 2 × 3, உள்ளே ஒரு 3 உட்கார்ந்திருக்கிறது. வகுத்தால் 0.91666… என்று போய்க்கொண்டே இருக்கும். ஹால்மார்க் முத்திரையில் 22கே916 என்று இருப்பதில் அந்த 916 இங்கிருந்து வந்தது, ஆயிரத்துக்கு 916. இப்போது 18 கேரட். 18/24. 24-இலும் 3 இருக்கிறதே, இதுவும் சுழலுமா? சுருக்கிப் பாருங்கள்: 3/4. அந்த 3 மேலே இருந்த 18-ஓடு அடிபட்டுப் போய்விட்டது. 0.75, முத்திரை 750, துல்லியமாக. 20 கேரட் 5/6, நம் பாப்பாவை அழவைத்த அதே எண், முத்திரை 833. 14 கேரட் மட்டும் கொஞ்சம் ஏமாற்றும்: 14/24 என்பது 7/12, வகுத்தால் 0.58333… வரும், முத்திரையோ 585. அங்கே விதியே சற்று மேலே வைக்கப்பட்டிருக்கிறது. குழந்தை கேட்டால் உன் வகுத்தல் சரிதான் என்று சொல்லிவிடுங்கள்.

வெள்ளிக்கும் இதே கணக்கு. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுக்கு 92.5 என்று பேசுவது ஆயிரத்தில் 925. சுருக்கினால் 37/40. மறுபடி 40, மறுபடி மூன்று இடம், 0.925. பவுன் கணக்கும் வீட்டிலேயே இருக்கிறது. ஒரு பவுன் 8 கிராம், ஆகவே ஒரு கிராம் 1/8 பவுன், 0.125. பாட்டி "முக்கால் பவுன் தோடு" என்று சொல்வது பில்லில் 6.000 கிராம் என்று இருக்கும். 3 கிராம் மோதிரம் எத்தனை பவுன் என்று கேளுங்கள், 3/8 திரும்பி வரும். 5.200 கிராம் எத்தனை பவுன் என்பது அடுத்த படி: 5.2-ஐ 8-ஆல் வகுத்தால் 0.65.

பாட்டி காலத்துக்கும் முந்தின கணக்கில் இன்னொரு நல்ல விஷயம் இருக்கிறது. பழைய தமிழ்க் கணக்கில் புழங்கிய பின்னங்கள்: அரைக்கால் 1/8, வீசம் அல்லது மாகாணி 1/16, மா 1/20, அரைமா 1/40, காணி 1/80, முந்திரி 1/320. எல்லாப் பகுதியையும் காரணிப்படுத்திப் பாருங்கள். 2-உம் 5-உம் மட்டும்தான். 320 என்பது ஆறு 2-உம் ஒரு 5-உம். ஆகவே முந்திரி ஆறு இடத்தில் நிற்கும்: 0.003125. இந்த வரிசையில் ஒன்றுகூடச் சுழலாது. வீட்டில் தாத்தா இருந்தால் அவரிடம் வாய்ப்பாடு கேட்டு, பேத்தி தசமத்தில் எழுதட்டும். பயிற்சிக்குத் தனியாகக் கணக்கு தேட வேண்டியதில்லை.

கலப்பு பின்னத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டே முக்கால் என்றால் 2 அப்படியே புள்ளிக்கு முன்னால் நிற்கும், 3/4 மட்டும் தசமமாகிப் பின்னால் சேரும், 2.75. தகா பின்னம் 7/4 என்றால் நேராக வகுக்கலாம், 1.75. விடை ஒன்றுக்கு மேலே வரும் என்று முன்பே சொல்லவைத்தால் போதும்.

கால்குலேட்டரை இப்போதைக்குச் சரிபார்க்க மட்டும் கொடுங்கள். அதிலும் ஒரு சிக்கல். 2/3 போட்டால் சில கருவிகள் கடைசி இலக்கத்தை 7 என்று காட்டும். குழந்தை அந்த 7-உம் விடையில் சேர்ந்தது என்று நினைத்துக்கொள்ளும். அது திரையில் இடம் தீர்ந்ததால் முழுதாக்கிய எண், 2/3-இல் எத்தனை தூரம் போனாலும் 6 மட்டும்தான். அதேபோல 1/3-ஐ 0.33 என்று எழுதினால் அது தோராயம். 0.33-ஐ மூன்றால் பெருக்கினால் 0.99, ஒன்று வராது. இரண்டு இடத்துக்குத் திருத்தமாகக் கேட்டால் 0.33 எழுதலாம், சமம் என்று கேட்டால் தலையில் கோடு வேண்டும்.

மனப்பாடம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. 1/2, 1/4, 1/5, 1/8, 1/3 ஐந்தும் நாக்கில் இருந்தால் வசதிதான், 3/8 என்பது மூன்று 0.125 என்று உடனே வரும். ஆனால் ஒவ்வொன்றையும் ஒருமுறையாவது அவளே வகுத்துப் பெற்றிருக்க வேண்டும்.

இன்றைக்கு 3/40 கொடுத்துத் தொடங்குங்கள். 0.75 என்று எழுதினால் அழித்துக் காட்டாதீர்கள், அரைக்கு மேலா கீழா என்று மட்டும் கேளுங்கள். 0.075 என்று எழுதிவிட்டால் 7/12-க்குப் போகலாம். அதில் மீதி 10, 4 என்று போய் 4-லேயே நின்று சுழலும். எங்கே நிறுத்த வேண்டும், எந்த இலக்கத்தின் தலையில் கோடு என்பதை அவளே சொல்லட்டும்.